நிரூபிக்க வேண்டியது யார்?

பாலம் கட்டுபவர்தான் அது நிற்கும் என்று காட்ட வேண்டும். விழும்னு நிரூபிக்கச் சொல்லி, அதில் நடந்து போகிறவரை யாரும் கேட்பதில்லை. பொறியியல் வகுப்பில் இதை விவாதிப்பதுகூட இல்லை. ஆனால் பிள்ளைகளின் உடம்பு என்று வந்துவிட்டால் இந்த நியாயம் தலைகீழாகிவிடுது. ஈப்போ பக்கத்து புக்கிட் மேராவில் நடந்தது அதுதான்.

1982-இல் அங்கே ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவு மணலில் உள்ள மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரிப்பது அதன் வேலை. மிஞ்சுவது தோரியம் கலந்த கழிவு. தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும். 1984-இல் அந்தக் கழிவுக்குப் பாப்பானில் கிடங்கு கட்டப் போனபோது ஊர் எதிர்த்தது. 1985-இல் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றம் போனார்கள். ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது 1992 ஜூலை 11-இல்! அதையும் 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அடுத்த மாதமே நிறுவனம் தானாக மூடுவதாக அறிவித்தது.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. 'ஆலையால்தான் வந்ததுன்னு ஆதாரம் இருக்கா?' என்ற கேள்வியும் கூடவே வந்தது. கேள்வி தப்பில்லை, நானும் அறிவியல் படிக்கிறவன்தான். ஆனால் சில ஆயிரம் பேர் வாழும் ஒரு கம்பத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு நோய் வந்தால், அதைத் தற்செயல் என்று சொல்லப் புள்ளியியலில் எப்போதும் இடம் இருக்கும். கணக்கு முடிவாகும் அளவுக்கு அங்கே பிள்ளைகளே இல்லை. அப்படியிருக்க, ஆதாரத்தைத் தாயிடம் கேட்பது கேள்வியா, முன்கூட்டியே எழுதிய தீர்ப்பா?

'அது சீனக் கம்பம்தானே' என்பவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளைப் பரிசோதித்தவர் டாக்டர் ஜெயபாலன். வழக்கில் உழைத்தவர்களில் ஒருவர் மீனாட்சி ராமன். அவர்கள் இனம் பார்க்கவில்லை.

நம்ம தோட்டத்துக் கதையும் வேறில்லை. பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் முதுகில் பம்பு சுமந்து புல்லுக்கு மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். அதே சேலையோடு லயத்துக்குத் திரும்பித்தான் பிள்ளையைத் தூக்கினார்கள். பாராகுவாட்டை நிறுத்த அரசு 2002-இல் முடிவெடுத்தது. 2006-இல் அந்த முடிவு தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது. 2002-இல் பிறந்த பிள்ளை அதற்குள் எஸ்.பி.எம். எழுதி முடித்திருக்கும்.

'ஆலை இல்லேன்னா வேலை ஏது?' என்பார்கள் பெரியவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு அது வெறும் பேச்சில்லை, எனக்கும் தெரியும். ஆனால் சம்பளம் வாங்குவது அப்பா. ஆபத்தைச் சுமப்பது, யாரும் சம்மதம் கேட்காத பிள்ளை.

பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். கருத்தும் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் வட்டாரத்தில் அடுத்த முறை வைக்கும்போது நாங்கள் நாலு பேர் போவதாக இருக்கிறோம். பொறியியல் படிக்காதவங்களும் வாங்க, மலாய் வாசிக்கத் தெரிஞ்சா போதும்.