பயன் கேளாத இன்பம்

கம்பம் பள்ளத்தாக்கின் பங்குகளில் கிதார் இன்று அயலான கருவி அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழல் ஆர்கனுக்குரிய சிறப்பை எடுத்துரைத்துவிட்டு, வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளையும் திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு ஏற்கலாம் என்று வழி திறந்தது. அவ்வழியே வந்து ஆர்மோனியத்தின் அருகில் அமர்ந்தது கிதார். ஆயினும் நான் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது கோவிலில் ஒலிக்கும் கிதாரை அன்று. வேலை முடிந்த மாலையில், வீட்டுத் திண்ணையில், யாருக்காகவும் அன்றி ஒலிக்கும் கிதாரை.

இத்தகைய இளைஞர் சிலர் நம்மிடையே உண்டு. பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், போடியில் ஏலக்காய் தரம் பிரிப்பவர், சின்னமனூரில் மைக் செட் கடையில் ஒயர் சுற்றுபவர். அவர்கள் கையில் இருப்பது கொல்கத்தாவில் செய்யப்படும் கிவ்சன் கிதாராகவோ அதனினும் மலிவானதாகவோ இருக்கும். வாங்கிய நாளில் அதன் கம்பிகள் விரலை அறுக்கும் உயரத்தில் நிற்கும். கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டைக் கழற்றி உப்புத்தாளில் சிறிது சிறிதாகத் தேய்ப்பர். ஒரு மயிரிழை மிகுதியாகத் தேய்ந்தாலும் கம்பி ஃபிரெட்டில் உரசிக் கரகரக்கும். பஸ்ஸரிலிருந்து எடுத்த பித்தளைத் தகட்டை உட்புறம் ஒட்டி, ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, பழைய டேப் ரிக்கார்டரின் ஆம்ப்ளிஃபயரில் இணைப்பர். ஒலி தகரத்தைத் தட்டியதுபோல் வரும். கண்டென்சர்களை மாற்றி மாற்றி வைத்து அக்கூர்மையை மழுக்குவர். மின்கிதாரில் தொனியைத் திருத்தும் குமிழின் பின்னே இருப்பதும் இதே உத்திதான்: 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட் அளவுள்ள சிறு பொருள், உச்ச அதிர்வுகளை மட்டும் வடித்து வெளியேற்றுகிறது. ஆனி ஆடியில் மலைக்கணவாய் வழியே ஈரக்காற்று இறங்கும்போது பலகை உப்பிக் கம்பி மீண்டும் உயரும். வேலை மறுபடியும் தொடங்கும்.

இதனால் என்ன பயன் என்று வீட்டார் கேட்கின்றனர். திராட்சைத் தோட்டத்துக் கூலியில் குடும்பம் நடத்தும் தாய் கேட்கும்போது அது எளிதில் தள்ளத்தக்க கேள்வி அன்று. வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. "கோவிலில் வாசிப்பான், சாமி" என்பது ஒன்று. "இளையராஜாவும் பண்ணைப்புரத்துப் பிள்ளைதானே" என்பது மற்றொன்று. இரண்டாவது விடைக்கு இங்கே தனி வலிமை உண்டு. 1943இல் உத்தமபாளையம் வட்டத்தின் அச்சிற்றூரில் பிறந்தவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்று, 1976இல் அன்னக்கிளியோடு தமிழகத்தின் செவிகளையே மாற்றினார். சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாய் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பணத்தை அவர்களிடம் கொடுத்ததாக அவரே கூறியிருக்கிறார்.

ஆனால் அந்தத் தாய் ரேடியோவை விற்றபோது அன்னக்கிளி இல்லை. வெற்றியைப் பின்னிருந்து பார்த்து அச்செயலை நியாயப்படுத்துகிறோம். திண்ணையில் கிதார் தேய்க்கும் நூறு பேரில் நூறு பேரும் இளையராஜா ஆகப்போவதில்லை. கோவிலுக்கு உதவும் என்ற விடையும் அப்படியே: இன்பத்துக்கு ஓர் அனுமதிச்சீட்டு வாங்கிக் கொடுக்கிறோம். பயன் இல்லாவிடில் இன்பம் குற்றம் என்ற எண்ணம் இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. அது கிறித்தவ எண்ணந்தானா?

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றி ஒரு நற்பண்பு உண்டோ எனக் கேட்டு, உண்டு என்கிறார். காசியான் வழியாக வந்த ஒரு கதையை அங்கே எடுத்தாளுகிறார். புனித யோவான் தம் சீடர்களோடு விளையாடுவதைக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் வில் ஏந்திய ஒருவனிடம் ஓர் அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தபின், இடைவிடாது எய்துகொண்டே இருக்க முடியுமா என வினவினார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனமும் அவ்வாறே என்றார் திருத்தூதர். கிதார்க்காரருக்கு இது உடனே விளங்கும்: ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து 60 முதல் 70 கிலோ எடைக்கு நிகரான விசையோடு பலகையை இழுக்கின்றன, நெடுநாள் வாசிக்காமல் வைப்பதாயின் முறுக்கைத் தளர்த்தி வைப்பார்கள். அக்குவினாஸ் இன்னும் ஒருபடி போகிறார். தானும் மகிழாமல், பிறர் மகிழ்வதற்கும் தடையாய் இருப்பவனிடம் குறை உண்டு என்கிறார். இப்பகுதியை நம் மறையுரைகளில் நாம் அதிகம் எடுப்பதில்லை!

எனினும் புனித அகுஸ்தினாரின் எச்சரிக்கையும் மெய்யே. கோவிற்பாடலில் பொருளைவிடக் குரல் தம்மை மிகுதியாக அசைத்தபோது, அதைப் பாவமாக அறிக்கையிட்டார் அவர். ஆயினும் மனமாற்றத்தின் தொடக்கத்தில் அப்பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் சிந்தியதை நினைந்து, பாடும் வழக்கத்தையே இறுதியில் ஆதரித்தார். செவியின் இன்பத்தில் இவ்வளவு தயங்கியவர், கண்களின் இச்சையை இன்னும் பெரிய ஆபத்தாகக் கண்டார். என் கருத்தும் அதுவே. உப்புத்தாளோடு அமர்ந்திருப்பவன் கேட்கிறான். முந்தைய ஒலிக்கும் இப்போதைய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூர்ந்து கேட்கிறான். அவ்வாறு கேட்கப் பழகிய செவி, செபத்துக்கும் வேண்டிய செவிதான். கைப்பேசித் திரையில் அடுத்த பெடலை, அதற்கடுத்த கிதாரைத் தேடுபவனோ கேட்பதை நிறுத்திவிட்டான். அவனுக்கு ஆசை கண்ணில் தொடங்குகிறது, மாதத் தவணையில் முடிகிறது. இருவர் கையிலும் இருப்பது ஒரே கருவி.

இதனால் மலிவான கருவியே புனிதமானது என்று நான் சொல்லவில்லை. ஃபிரெட்டுகளே இடம் தவறிப் பதிந்த கிதார்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை எந்தப் பொறுமையாலும் சுருதி சேர்க்க இயலாது. வறுமையே நல்லிசையைத் தரும் என்று வசதியுள்ளோர் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏழைகள் இருக்க இசைக்கு ஏன் செலவு என்பாரும் உளர். முந்நூறு தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று நறுமணத் தைலத்தைக் குறித்துக் கேட்ட யூதாசை அவர்களுக்கு நினைவூட்டலாம், ஆனால் கவனத்தோடு. மரியா ஊற்றியது தன் சொந்தத் தைலம். தங்கையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்து வாங்கிய பெடலுக்கு அந்த நற்செய்திப் பகுதி துணை நிற்காது. ஆகவே அந்தத் தாயிடம் நான் கேட்பது இரண்டே: வீட்டுப் பணம் வீட்டுக்கு வருகிறதா? கூப்பிட்டால், கம்பியை விட்டு எழுந்து வருகிறானா? இரண்டுக்கும் ஆம் என்றால், "அம்மா, அவன் தேய்க்கட்டும்" என்பேன். கோவிலில் வாசிப்பானா என்று கேட்க மாட்டேன்.