சரீர உத்தானமும் உறுப்புத் தானமும்



நம் பள்ளிபாளையத்தில் தறிச் சத்தத்தின் நடுவே வளர்ந்த பெண் ஒருத்தி நர்சிங் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வந்தவள், "அம்மா, நான் இறந்துபோனால் என் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள்" என்கிறாள். தாய் பதறிச் சிலுவை போட்டுக்கொள்கிறாள். "என்ன பேச்சு இது! உடம்பு முழுசாய் இல்லாவிட்டால் கடைசி நாளில் எப்படி எழுந்திருப்பாய்?"

அந்தத் தாயைக் குறை சொல்லமாட்டேன். சரீர உத்தானத்தை விசுவசிக்கிறவள் கேட்கவேண்டிய கேள்விதான் அது.

ஆனால் அம்மா, அர்ச்சியசிஷ்ட சவேரியாரை நினைத்துப் பாருங்கள். அவருடைய திருச்சரீரம் கோவாவில் இருக்கிறது. வலக்கரமோ 1614-ம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டு உரோமையில் இருக்கிறது. அவர் ஒற்றைக் கையோடு எழுந்திருப்பார் என்று நாம் அஞ்சுகிறோமா? மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கினவருக்கு ஒரு சிறுநீரகம் குறைவது பெரிய காரியமா? இறந்தவரின் கண்ணைப் பார்வையற்றவருக்குப் பொருத்துவது இறந்தோருக்குரிய மரியாதைக்கு விரோதமல்ல என்று பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1956-லேயே சொல்லிவிட்டார். 2000-ம் ஆண்டில் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் உறுப்புத் தானத்தை மெய்யான அன்பின் செயல் என்றார்.

வேறொரு பயமும் உண்டு. உயிர் இருக்கும்போதே அறுத்துவிடுவார்களோ? மூளைச்சாவு அடைந்தவனுக்கு யந்திரத்தால் நெஞ்சு ஏறி இறங்கும், கை சூடாயிருக்கும். பெற்ற வயிறு எப்படி நம்பும்? அதற்காகவே 1994-ம் ஆண்டுச் சட்டம் காவல் போட்டிருக்கிறது. நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். உறுப்பைப் பொருத்தும் மருத்துவர் அந்த நால்வரில் ஒருவராய் இருக்கக்கூடாது.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். வயது 15. தாய் தந்தை இருவருமே மருத்துவர்கள். யந்திரம் காட்டுவதன் பொருள் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் மகன் மகன்தானே! அவர்கள் சம்மதித்தார்கள். போலீசார் சென்னை வீதிகளை விலக்கிக்கொடுக்க, அவன் இருதயம் பதினொரு நிமிடத்தில் வேறொரு மருத்துவமனையைச் சேர்ந்து, ஒரு சிறுமியின் நெஞ்சில் துடித்தது. உறுப்புத் தானம் செய்வோருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது.

அட்டையில் கையெழுத்திட்டிருந்தாலும், அந்த வேளையில் மருத்துவமனை கேட்பது வீட்டாரைத்தான். ஆகையால் மகள் இதைப் பேச வந்தால் வாயை அடைக்காதீர்கள். சாப்பாட்டு வேளையில் எல்லோருமாய்ப் பேசுங்கள். நர்சிங் படிக்கும் மகளே, நாளை உன் வார்டில் ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள். அவளிடம் வாதாடாதே. முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்.

கண் தானத்துக்கு மூளைச்சாவு தேவையில்லை. வீட்டில் இறந்த பாட்டியும் கொடுக்கலாம், கண்ணாடி போட்டிருந்தாலும் சரிதான். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள்.