தெரியாத முகம்

கருணை உள்ள மனிதன் அநியாயத்துக்குக் காவல் நிற்கலாமா? நின்றுவிட்டுப் பிறகு வருந்தினால், அந்த வருத்தத்துக்கு என்ன மதிப்பு?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியது ஒரு வெள்ளைக்காரர் எழுதிய புத்தகம். ஜேம்ஸ் வெல்ஷ் என்று பெயர்; கம்பெனிப் படையில் அதிகாரி. 1830இல் வெளியான அவருடைய ராணுவ நினைவுகளில் சின்ன மருது வருகிறார். வேல் எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்கிறார் வெல்ஷ். அந்த மருதுவை எதிர்த்துப் பின்னால் போன படையிலும் அவர் இருந்தார்.

1801 அக்டோபர் 24ந் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். அவனுக்கு விதித்தது நாடு கடத்தல். 1802இல் தூத்துக்குடியிலிருந்து 70க்கு மேற்பட்டவர்களோடு அவனையும் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் அவனுக்குக் காவலாக இருந்தவர் வெல்ஷ். அவனுக்காக இரங்கியவரும் அவரே.

அயர்லாந்தில் 1798இல் கலகம் செய்தவர்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய காலமும் அதுதான். தண்டனை முடிந்து அங்கே நிலம் வாங்கிப் பிழைத்தவர்கள் உண்டு. துரைசாமிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

1818இல் வெல்ஷ் பினாங்கு போனார். தள்ளாத கிழவர் போல ஒருவர் அவர் முன் வந்து நின்றார். யாரென்று தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் விளங்கியது: துரைசாமி! கணக்குப் பார்த்தால் வயது முப்பத்திரண்டுதான்.

இதைப் படித்த அன்றிரவு அம்பத்தூரில் எங்கள் வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்பு ஓர் ஆபீஸில் நான் குமாஸ்தா. சில்லறைத் திருட்டுக்காகக் காவற்காரர் ஒருவருக்கு வேலை போயிற்று. குடியிருந்த அறையையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். வாசலில் நின்ற பையன் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்துவிட்டு வந்தேன். திருடியது அப்பன், பள்ளிக்கூடம் நின்றது பிள்ளைக்கு.

போன வருஷம் ஆவடி ஸ்டேஷனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், “ஸார், என்னைத் தெரியலையா?” என்றார். தெரியவில்லை. தலை நரைத்திருந்தது. சொன்ன பிறகு தெரிந்தது. “சௌக்கியமா இருக்கீங்களா ஸார்?” என்று அவர்தான் விசாரித்தார். எனக்கு வாய் வரவில்லை.

வருத்தம் விலங்கை அறுக்காது. போன வயதையும் திருப்பித் தராது. ஆனால் வெல்ஷ் தம் பங்கை மறைக்காமல் எழுதிவைத்தார். அதனால்தான் பினாங்கில் மூப்படைந்த அந்தப் பிள்ளையின் முகம் நமக்குத் தெரிகிறது. வருத்தப்பட்டவன் செய்யக்கூடியது, குறைந்தபட்சம், சாட்சி சொல்வது.

அந்த ஐம்பது ரூபாயைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.