பெட்டியில் கிடக்கும் நேர்ச்சை



பீடத்தின் முன் முழந்தாட்படியிட மெத்தை தைத்துத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டு, கான்வாஸில் பூவேலையை முக்கால்வாசி செய்துவிட்டு, அதை டிரங்குப் பெட்டியில் மடித்துப் போட்டிருக்கும் வீடுகள் நம் பங்கில் ஒன்றிரண்டல்ல. பூ முடிந்தால் வேலை முடிந்தது என்றும் சிலர் எண்ணுகிறார்கள். ஊசிவேலை அறிந்தவர்களைக் கேளுங்கள். பாதிப் பாடு அதற்குப் பிறகுதான் என்பார்கள்.

கம்பளி நூலால் ஒரே பக்கமாய்ச் சாய்த்துத் தையல் போடப் போட, கான்வாஸும் கூடவே சாய்ந்து கோணலாகிவிடும். இது கைக்குற்றமல்ல, அந்தத் தையலின் இயல்பு. நேராக்குமுன் சாயம் இறங்குமா என்று ஈரமான வெள்ளைத்துணியால் ஒரு மூலையில் ஒற்றிப் பார்க்கவேண்டும். பிறகு வேலையை ஈரமாக்கி, பலகைமேல் கவிழ்த்து, மூலைமட்டம் வைத்து நான்கு புறமும் இழுத்து, துருப்பிடியாத ஆணிகளால் இறுக்கி, நன்றாய்க் காயுமட்டும் தொடாமல் விடவேண்டும். பாதி ஈரத்தில் கழற்றினால் பழைய கோணலுக்கே திரும்பும். பின்புறம் முடிச்சுப் போட்டால் முன்புறம் மேடு தட்டும்; ஆகையால் நூல்நுனியைத் தையல்களுக்கு அடியில் ஓட்டி மறைப்பதே முறை. ஒருவர் கண்ணிலும் படாத பக்கத்தில்தான் எத்தனை வேலை!

இதைப்பற்றி எழுதக் காரணம் உண்டு. "அம்மா நேர்ந்தாள், முடிக்குமுன் இறந்துபோனாள். அந்தக் கடன் என் தலைமேல் விழுமா?" என்று பயந்து கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள். விழாது, மகளே. வார்த்தைப்பாடு அதைக் கொடுத்தவரை மாத்திரமே கட்டும் என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1193-ம் எண்ணில் தெளிவாய்ச் சொல்லுகிறது. யோசித்து, மனச்சுதந்திரத்தோடு சர்வேசுரனுக்குக் கொடுத்த வாக்குத்தான் வார்த்தைப்பாடு. பேச்சுவாக்கில் சொன்னதெல்லாம் அல்ல. நேர்ந்தவரே உயிரோடிருந்து, கண் மங்கிக் கை நடுங்குகிறதா? தக்க காரணம் இருந்தால் பங்குக் குருவானவர் விலக்குத் தர அதிகாரம் உள்ளவர். வெட்கப்படாமல் வாருங்கள். செய்யக் கூடியவர்கள் மட்டும் விலக்குக் கேட்டு வரவேண்டாம்!

கடமை இல்லையென்றால் அந்தத் துணியை என்ன செய்வது? யோப்பா பட்டணத்துத் தபித்தாள் இறந்தபோது, விதவைகள் அர்ச். இராயப்பரைச் சூழ்ந்து நின்று, அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைக் காட்டி அழுதார்கள் என்று அப்போஸ்தலர் நடபடி 9-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவளுடைய புண்ணியங்களை அவர்கள் எண்ணிச் சொன்னதாக அங்கே காணோம். துணியைத்தான் காட்டினார்கள். உங்கள் தாயும் அப்படிக் காட்டத்தக்க ஒன்றைக் கையில் கொடுத்துப் போயிருக்கிறாள். மனமிருந்தால் முடியுங்கள், கடனாக அல்ல, அவள்மேல் உள்ள பட்சத்தினால்.

முடிக்கும்போது ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசி நாட்களில் அவள் போட்ட தையல் ஏறுக்குமாறாய் இருந்தால், அழகுக்காக அதைப் பிரித்துவிடாதீர்கள். எந்த இடத்தில் அவள் கை நின்று உங்கள் கை தொடங்கிற்று என்பது தெரிந்தால் தெரியட்டும். நூலின் நிறமும் சற்று மாறியிருக்கும், பரவாயில்லை. மூட்டுக்குள் போவதற்கு இரண்டு வரிசைத் தையல் கூடுதலாகப் போட்டு, சுற்றிலும் ஓர் அங்குலம் வெறும் கான்வாஸ் விட்டுக் கொண்டுவாருங்கள். அடித்துணி தைத்துப் பஞ்சு அடைக்கத் தெரியாதவர்கள் அப்படியே சக்கிறீஸ்தில் கொடுத்தால் போதும்.