ஏடும் வாய்மையும்

மனிதன் முதலில் பிறக்கின்றான். அவனைப் பற்றிய ஏடு பின்னரே எழுதப்படுகின்றது. கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களுக்கோ இம்முறை தலைகீழாகிவிட்டது. ஏடு இல்லையேல் ஆள் இல்லை. ஏட்டில் ஓரெழுத்துப் பிழைத்தால் ஆளே வேறாகிவிடுகின்றான். இந்நிலையில், நமக்குரியதென்று ஐயமறத் தெரிந்த உரிமையைப் பெறுவதற்காக ஏட்டில் ஒரு பொய்யை எழுதலாமா என்னும் வினா பல இல்லங்களில் எழுகின்றது. அதனை நாம் நிதானமாக ஆராய வேண்டும்.

கண்டாச்சிபுரத்தில் பிறந்து ஷார்ஜாவில் தொழில் புரியும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் பிறந்தபோது அவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தில், திருக்கோவிலூர் வட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் உருவாயிற்று. பின்னர் கண்டாச்சிபுரமே தனி வட்டமாயிற்று. 2019இல் திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. அவர் பிறந்த வீடு ஓரடியும் நகரவில்லை. ஆனால் அவருடைய சான்றிதழ்கள் வெவ்வேறு ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசுவனபோல் தோன்றுகின்றன.

பெயரின் நிலை இன்னும் பரிதாபம். அவர் பெயர் அப்துல் காதிர். 'ஆற்றல் மிக்கவனின் அடிமை' என்பது பொருள். தமிழில் 'காதர்' ஆகி, ஆங்கில எழுத்தில் ஏறி, அரபு நாட்டு அலுவலகத்தில் மீண்டும் அரபியாகும்போது 'காஃப்' என்னும் எழுத்து மாறிவிடுகின்றது. அப்பொழுது அச்சொல்லுக்கு 'பணியாளர் அணி' என்று பொருள்! படிவத்தின் ஒரு கட்டத்தில் 'அப்துல்' தனியே நின்றாலோ, எவனுடைய அடிமை என்பதே சொல்லப்படாமல் போகின்றது.

இவருக்கு அங்கே ஒரு குழந்தை பிறக்கின்றது. 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைத் திருத்தத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அதற்குத் திருமணச் சான்று கேட்கின்றனர். நிக்காஹ்வோ ஜமாஅத்தின் தப்தரில் மட்டுமே இருக்கின்றது. தமிழகத்தில் நிகழும் எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அதற்குரிய காலக்கெடு கடந்துவிட்டது. இங்கே தகப்பனார் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறார். அங்கே மகன் விடுப்புக் கேட்டு நிற்கின்றார். அப்பொழுது தரகர் ஒருவர், "போன மாதம் நிக்காஹ் நடந்ததாக எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்" என்கிறார்.

மனைவி அவருடைய மனைவிதான்; குழந்தை அவருடைய குழந்தைதான். இதனால் யாருக்கு நட்டம்? இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட நம்மால் இயலாது. களைத்தவனின் கேள்வி அது.

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது நடந்ததை இங்கே நினைவுகூர்வோம். 'அல்லாஹ்வின் தூதர் முஹம்மது' என்று எழுதப்பட்டதைக் குறைஷியரின் தூதராக வந்த சுஹைல் ஏற்கவில்லை. அலீ (ரலி) அவர்களுக்கோ அதனை அழிக்க மனம் வரவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை நீக்கச் செய்து, 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என்று எழுத இசைந்தார்கள். ஏட்டின் வடிவத்துக்கு அவர்கள் இணங்கினார்கள். ஆனால் எழுதப்பட்ட சொல்லும் உண்மையே.

இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பெயராகத் தந்தையின் பெயரைச் சேர்த்தவர்கள் எவ்விழுக்கும் ஆளாகவில்லை. தந்தை பெயரும் உண்மையே. வடிவத்துக்கு வளைவது பணிவு. உண்மைக்கு மாறாக எழுதுவது பொய்ச்சாட்சி.

தரகர் சொன்ன தேதியை மீண்டும் நோக்குவோம். சென்ற மாதம் நிக்காஹ் என்று எழுதினால், குழந்தை பிறந்தது அதற்கு முன்பு என்றாகிவிடுமே! யாருக்கும் நட்டமில்லை என்று எண்ணியது, பேசத் தெரியாத ஒரு பச்சிளங் குழந்தையின் வமிசத்தின்மீதே கறையாகப் படிகின்றது. நாளை வாரிசுரிமைக்கு அப்பிள்ளை நிற்கும்போது, தந்தை உயிரோடு இருந்து விளக்கம் சொல்வார் என்பதற்கு உறுதி ஏது? எழுதியவர் மறைந்த பின்னும் எழுத்துப் பேசும். ஆகவே, தாமதத்தின் காரணத்தை உள்ளபடியே எழுதி முறையிடுவதும், வேண்டுமாயின் நீதிமன்றத்தின் வாயிலில் நிற்பதும் நீண்ட வழிதான். ஆயினும் அக்குழந்தைக்குத் தீங்கு செய்யாத வழி அதுவே.

இவ்வளவும் அலைபவருக்கு மட்டும் சொல்லும் அறிவுரை ஆகிவிடக் கூடாது. கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றிய திருமறை வசனத்தில் (2:282) எழுத்தரையும் சாட்சியையும் பற்றி ஒரு சொல் வருகின்றது. அதன் இலக்கண அமைப்பு இரு பொருளுக்கும் இடந்தருவதை விரிவுரையாளர்கள் காட்டுகின்றனர்: எழுத்தருக்குத் தீங்கு செய்யலாகாது, எழுத்தரும் தீங்கு செய்யலாகாது. மேசையின் இரு புறத்தாரையும் ஒரே சொல் கட்டுப்படுத்துகின்றது. கோப்பைக் காரணமின்றித் திருப்பி அனுப்பும் அலுவலர், அதற்குப் பின்னால் ஒரு குழந்தையின் ஓராண்டு கரைவதை எண்ண வேண்டும். நிக்காஹ் தப்தர் எழுதுவோரும், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும் பெயரின் எழுத்தையும் தேதியையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும். மணமக்கள் ஊரை விட்டுப் புறப்படுமுன் அரசுப் பதிவை முடித்துவிட வேண்டும்.

ஓர் ஏட்டை நேர்மையாக எழுத ஒரு நாழிகை போதும். பிழையாக எழுதிய ஏட்டைத் திருத்தவோ, ஒரு தலைமுறை கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் காத்து நிற்க நேரிடுகின்றது.