வழுவும் வாய்மையும்

இணையச் சேவையகம் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் மூவிலக்கக் குறியீடொன்றாற் பதிலிறுக்கின்றது: 200 எனின் வெற்றி, 500 எனின் அகத்தே வழு, 404 எனின் கேட்டது காணப்படவில்லை. உரிமையற்ற பக்கமொன்றைக் கேட்பவருக்கு, தடையெனப் பொருள்படும் 403 ஐ விடுத்து 404 ஐ அளித்து, அப்பக்கம் உண்டென்பதையே மறைத்துவிடலாமென 2022 இல் வெளியான நெறிமுறை ஆவணம் இசைவு தருகின்றது. இது பொய்யாகுமா? ஆகாதென்றே கொள்ளல் வேண்டும். வெளிப்படுத்த விருப்பமின்மையும் 404 இன் வரைவிலக்கணத்துள் அடங்கியுள்ளது. (கேட்பவர் அவ்வாறு விளங்கிக்கொள்வாரா என்பது ஐயமே.) வழுவின் உள்விவரங்களை அந்நியருக்குக் காட்டாது பதிவேட்டில் மட்டும் எழுதிவைத்தலும் இத்தகையதே, தாக்க வருபவருக்கு அவ்விவரம் வழிகாட்டியாகும்.

ஆனால், பரீட்சை விண்ணப்பமொன்று பதிவாகாதபோதும் வழுவை விழுங்கிவிட்டு 200 எனச் செப்பும் செய்நிரலை எவ்வாறு நியாயப்படுத்தலாம்? பதிவேட்டிலும் அதன் சுவடில்லை. கண்காணிப்புக் கருவி குறியீட்டையே நம்புகின்றது, பராமரிப்பவர் உறங்குகின்றார், விண்ணப்பித்த மாணவரோ அனுமதி அட்டைக்காகக் காத்திருக்கின்றார்.