கடந்து பார்த்தல்

அரபு வணிகர்கள் நம் சோழமண்டலக் கரைக்கு இட்டு வழங்கிய பெயர் மஅபர் என்பதாகும். கடக்கும் இடம், தோணித்துறை என்பது அதன் பொருள். ஆற்றைக் கடத்தலைக் குறிக்கும் 'அபர' என்னும் வினையே அதற்கு வேர். படிப்பினையைக் குறிக்கும் 'இப்ரத்' என்ற சொல்லும், கண்ணீரைக் குறிக்கும் 'அப்ரத்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தவை. (மதரஸாவில் பாடம் சொல்லிப் பழகியவனுக்கு வேர்ச்சொல்லில் தொடங்காமல் பேச வராது, வாசகர்கள் பொறுத்தருள்க.) கண்டதிலிருந்து காணாத ஒன்றுக்குக் கடந்து செல்வதே இப்ரத். பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தோரின் முடிவைப் பார்க்கும்படி திருமறை பல இடங்களில் ஏவுகின்றது. அங்ஙனம் பார்ப்பவன் எங்கே கடந்து செல்ல வேண்டும்? பிறருடைய குற்றத்துக்கா, தன்னுடைய நெஞ்சுக்கா?

பட்டுக்கோட்டை வட்டாரத்திலிருந்து பள்ளி விடுமுறையிலும் கந்தூரிக் காலத்திலும் நம் குடும்பங்கள் நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் செல்வது நெடுநாள் வழக்கம். கந்தூரி பற்றிய மார்க்க விவாதம் இக்கட்டுரைக்கு உரியதன்று. அங்குச் செல்வோர் எதைப் பார்த்து வருகின்றனர் என்பதே நம் கேள்வி.

நாகூரின் ஐந்து மனாராக்களில் உயர்ந்தது ஏறத்தாழ 131 அடி. அதனை அண்ணாந்து நோக்கி, "நம்மவர்களின் பெருமை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்பதையும் சேர்த்துச் சொல்வோர் சிலரே. நாகையின் வடபுறத்தில் இன்னொரு கோபுரம் இருந்தது. கடாரத்து அரசன் சூளாமணிவர்மனின் பெயரால் எழுந்த பௌத்த விகாரைக்கு, சைவனான ராஜராஜ சோழன் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றவை அந்தக் கொடையைக் கூறுவனவே. அந்த விகாரையைச் சேர்ந்ததாகக் கருதப்பட்ட மூன்றடுக்குச் செங்கற்கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. பிறகு ஏசு சபைப் பாதிரிமார் விண்ணப்பிக்க, ஆங்கில அரசு இசைய, 1867இல் அது இடிக்கப்பட்டது. கடல் அதைக் கொள்ளவில்லை. ஒரு மனுவும் ஒரு கையொப்பமும் கொண்டன. "அவர்களுடைய கட்டடம்தானே, நமக்கென்ன?" என்று கேட்பவர், மாற்று மதத்து மன்னர் ஒருவர் எழுப்பிய மனாராவின் நிழலில் நின்றுதான் அப்படிக் கேட்கிறார்.

எனினும், என்னை இதை எழுதத் தூண்டியது கோபுரங்களன்று, கடலே. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை எழுந்த ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் சிதைந்தன. அடுத்த சில வாரங்களில், "இது பாவத்துக்கு இறங்கிய தண்டனை" என்ற பேச்சு எல்லா மதத்து மேடைகளிலும் கேட்டது. நம் மிம்பர்களும் அதற்கு விலக்கல்ல. ஆது, ஸமூது கூட்டத்தாரின் அழிவைக் கூறும் வசனங்கள் அதற்குச் சான்றாக ஓதப்பட்டன.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஸமூது ஏன் அழிந்தது என்பது வஹீயின் மூலம் நமக்குத் தெரியும். அக்கரைப்பேட்டையைப் பற்றி யாருக்கு வஹீ வந்தது? மேலும், நீரில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் சிக்கி மாண்டவரையும் ஷஹீதுகளின் வரிசையில் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருப்பது ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. "அது முஃமின்களைப் பற்றியதாயிற்றே, மாண்டவரில் பெரும்பாலோர் மீனவ இந்துக்களல்லவா?" என்பர். இருக்கட்டும். மூழ்கிச் சாவது தன்னளவில் இறைகோபத்தின் அடையாளமன்று என்பது அதிலிருந்து பெறப்படுகிறதா, இல்லையா? ஒரே அலை, ஒரே நொடியில், ஒருவருக்குப் பதவியும் அடுத்தவருக்குத் தண்டனையும் ஆயிற்று என்று பிரித்தெழுதும் ஏடு நம் கையில் தரப்படவில்லை. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்தபோது நாயகம் அவர்கள் எழுந்து நின்றதும், காரணம் கேட்டவர்களிடம் அதுவும் ஓர் உயிரல்லவா என வினவியதும் நாம் பாடம் நடத்தும் கிதாபுகளில்தான் இருக்கின்றன.

இதனினும் அழுத்தமான ஆதாரம் ஹிஜ்ர் நிகழ்ச்சி. ஹிஜ்ரி 9இல் தபூக் செல்லும் வழியில், ஸமூதுகள் மலை குடைந்து வாழ்ந்த அவ்விடத்தைப் படை கடந்தது. அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழைய வேண்டாம், அவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம் எனத் தோழர்களை எச்சரித்துவிட்டு, நாயகம் தலையைப் போர்த்திக்கொண்டு விரைந்தார்கள். தண்டிக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்த இடத்திலேயே பார்ப்பவனுக்கு விதிக்கப்பட்டது கண்ணீரும் தன்னைப் பற்றிய அச்சமுமே. அங்ஙனமாயின், எந்தக் குற்றமும் நிறுவப்படாத மக்கள் மாண்ட கரையில் நின்று தீர்ப்புரைக்க நமக்கு என்ன உரிமை? அப்ரத் இல்லாத இடத்தில் இப்ரத் ஏது?

நம் ஊர்க் கணக்கையும் பார்ப்போம். அன்று அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் கரைகள் பெருமளவு தப்பின. நாகையாரைவிட நாம் தக்வாவில் மிக்கவர்களாயிருந்தது அதற்குக் காரணமன்று. இலங்கைத் தீவு குறுக்கே கிடந்து அலையை மறைத்தது, அவ்வளவே. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் ஒரே இரவில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. முப்பது ஆண்டு வளர்த்த மரம் கிடந்த கோலத்தைக் கண்டு நிலக்காரர்கள் வாய்விட்டு அழுதனர். அப்போது "தண்டனை" என்ற சொல் எங்கும் கேட்கவில்லை. "சோதனை" என்றோம், "ஸபூர்" என்றோம். பிறருக்கு வந்தால் தண்டனை, நமக்கு வந்தால் சோதனை என்னும் இந்த இலக்கணத்தை எந்த நஹ்வு கிதாபில் படித்தோம்?

2004இல் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருக்கவில்லை. வீடிழந்து ஓடிவந்த மீனவ மக்களுக்கு இடம் கொடுத்தனர், சோறு ஆக்கிப் போட்டனர்.

இதனால், நாகைக்குச் செல்வோர் அழுத முகத்துடன்தான் திரும்ப வேண்டும் என்று நான் கூறவில்லை. பிள்ளைகள் மணலில் விளையாடட்டும். நாகூரில் அல்வா வாங்கிக் கொள்ளுங்கள். நேரமிருந்தால் அக்கரைப்பேட்டைக்கும் அழைத்துச் சென்று, படகுகளையும் வலைகளையும் காட்டுங்கள். அலை எப்படி வந்தது என்று பிள்ளை கேட்டால், சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பெயர்ந்த செய்தியைச் சொல்லுங்கள். யார் செய்த பாவம் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள்.